எல்லாப் பக்கமும் வடக்கு: துருவத்தில் திசை அறிவது எப்படி?

தென் துருவத்தில் அமெரிக்கா நடத்திவரும் அமுன்சென்–ஸ்காட் ஆய்வு நிலையத்துக்கு ஆட்களையும் பொருள்களையும் கொண்டுவரும் விமானங்கள், ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தொலைவில் அண்டார்க்டிகாவின் கரையோரத்தில் உள்ள மெக்மர்டோ நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. புறப்பட்டதிலிருந்து தரையிறங்கும் வரை அவை தெற்கு நோக்கியே பறக்கின்றன. தென் துருவத்துக்கு நேர்வழியில் செல்பவருக்கு வேறு திசையே கிடையாது. ஆனால் துருவத்தில் காத்திருப்பவர்களின் கணக்கில் அந்த விமானம் வருவது தெற்கிலிருந்துதான். தெற்கு நோக்கிப் பறந்துவரும் விமானம் தெற்கிலிருந்தே எப்படி வர முடியும் என்று கேட்கத் தோன்றும். இரண்டு கூற்றுமே சரி. முதலாவது, பூமியின் சுழற்சி வகுத்துத் தந்த தெற்கு. இரண்டாவது, அந்தத் தெற்கு பயன்படாமல் போன இடத்தில் மனிதர்கள் தங்கள் வசதிக்காக வகுத்துக்கொண்ட தெற்கு.

துருவத்தில் திசை என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, திசை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. கிழக்குப் பார்த்த வாசல், தெற்குத் தெரு என்றெல்லாம் பேசிப் பழகிய நமக்குத் திசை என்பது அந்தந்த இடத்திலேயே பதிந்து கிடக்கும் ஒரு பண்பு போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓர் உறவு. பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, தரையைத் தொடும் இரண்டு புள்ளிகளே துருவங்கள். நாம் நிற்கும் இடத்திலிருந்து மிகக் குறுகிய வழியில் வட துருவத்தை அடைய எந்தப் பக்கம் முகம் திருப்ப வேண்டுமோ அது வடக்கு; அதற்கு நேர் எதிர் தெற்கு. பூமியின் சுழற்சி நம்மை எந்தப் பக்கம் சுமந்துசெல்கிறதோ அது கிழக்கு. அதற்கு எதிர் மேற்கு. சூரியன் கிழக்கில் உதிப்பது இந்தச் சுழற்சியின் விளைவுதானே தவிர, கிழக்குக்கு அது இலக்கணம் ஆகாது. துருவத்தில் சூரியன் ஆண்டுக்கு ஒரே முறை, தொடுவானத்தை முழுதாகச் சுற்றிச் சுற்றி வந்தபடி மெல்ல மேலேறுகிறது என்பதால், சூரியனை வைத்துக் கிழக்கைச் சொல்பவர் அங்கே உடனே திணறிப்போவார்.

தீர்க்கரேகைகள் இந்த வடக்கு–தெற்கு உறவைக் கோடுகளாக வரைந்து காட்டுகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கும் அடுத்த பாகைக்கும் இடையே ஏறத்தாழ 111 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது. துருவத்திலிருந்து ஒரு பாகை தள்ளியிருக்கும் 89ஆம் அட்சரேகைக்கு வரும்போது அது 2 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாகிவிடுகிறது. துருவத்துக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் 17 மீட்டரும் சொச்சமும். ஒரு மீட்டர் தொலைவில் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. துருவத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன.

மேலே சொன்ன இலக்கணத்தை எடுத்துக்கொண்டு தென் துருவப் புள்ளியின் மேல் நின்று பார்க்கலாம். வட துருவத்துக்குக் குறுகிய வழி எது என்று கேட்டால், எந்தப் பக்கம் புறப்பட்டாலும் அதே 20,000 கிலோமீட்டர்தான்; ஆகவே எல்லாப் பக்கமும் வடக்கு. தெற்கு எங்கே என்றால், தேடிப் போக வேண்டிய இடத்தில் ஏற்கெனவே வந்து நிற்கிறோம். கிழக்கைக் கேட்டால், பூமி அங்கே நம்மை எங்கும் சுமந்து செல்வதில்லை. நின்ற இடத்திலேயே ஒரு நாளைக்கு ஒரு முறை திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். சுமந்துசெல்லும் பக்கமே இல்லாதபோது கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. வட துருவத்தில் இதே கதையில் வடக்கும் தெற்கும் இடம் மாறுகின்றன: அங்கே முன்னும் பின்னும் இடமும் வலமும் எல்லாமே தெற்கு.

இதில் மாயம் ஏதோ இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. துருவத்தில் தரை வேறு விதமாக வளைந்திருக்கவில்லை. தென் துருவம் கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாகக் கிடக்கும் பனிப் பீடபூமி. வட துருவம் ஆழ்கடலின் மேல் மிதக்கும் பனிக்கட்டி. இரண்டு இடங்களிலும் எந்தப் பக்கமும் தடையில்லாமல் நடக்கலாம், இடம் வலம் பார்த்துத் திரும்பலாம். செயலிழந்து போவது திசைக்குப் பெயர் வைக்கும் முறை மட்டுமே.

கம்பத்திலிருந்து ஒரு மீட்டர்

துருவப் புள்ளியில் நிகழ்வதைவிட அதற்கு மிக அருகில் நிகழ்வதுதான் கற்றுக்கொள்ளத் தகுந்தது. தென் துருவத்தில் நட்டிருக்கும் அடையாளக் கம்பத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கம்பம் சரியாக வலக்கைப் பக்கம் இருக்கும்படி நிற்பதாக வைத்துக்கொள்வோம். தெற்கு வலப்பக்கம் என்பதால் முகம் கிழக்கு நோக்கியிருக்கிறது. இனித் திரும்பாமல், மூக்குக்கு நேராக ஒரு மீட்டர் நடக்க வேண்டும். நடந்து நின்றதும் கம்பம் வலப்புறமும் பின்புறமும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவே இருக்கும். அதாவது முகம் இப்போது வடகிழக்கு நோக்கியிருக்கிறது. அதே கோட்டில் இன்னும் ஒன்பது மீட்டர் நடந்தால், முகம் நேர் வடக்கிலிருந்து 6 பாகைகூட விலகியிருக்காது. கிழக்கு நோக்கிப் புறப்பட்டவர், ஒரு பாகைகூடத் திரும்பாமல், பத்து மீட்டருக்குள் ஏறத்தாழ வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறார்.

மாறாக, கடைசி வரை கிழக்கு நோக்கியே நடக்க விரும்பினால், அடிக்கடி வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நடப்பது, கோயிலில் வலம் வருவதைப் போல, கம்பத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றிவருவதில் முடியும். ஒரு மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று 6 மீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் உலகின் 360 பாகைத் தீர்க்கரேகைகளையும் கடந்தாகிவிடும். வட துருவத்தில் கிழக்கு நோக்கி நடப்பவருக்குக் கம்பம் இடக்கைப் பக்கம் இருக்கும்.

இது துருவத்துக்கு மட்டும் உரிய விந்தை என்று நினைத்தால் பாதிதான் சரி. நேராகச் செல்வதும் ஒரே திசையில் செல்வதும் வெவ்வேறு என்பது பூமியில் நிலநடுக்கோட்டையும் நேர் வடக்கு–தெற்கு வழிகளையும் தவிர எங்கும் உண்மை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அந்த வேறுபாடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்தால்தான் தெரியவரும். துருவத்தருகே அதே வேறுபாடு நான்கு எட்டுக்குள் முழுவதுமாக வெளிப்பட்டுவிடுகிறது. அதனால்தான் துருவத்தைப் பற்றிய கேள்வி சிறுபிள்ளைக் கேள்விபோலத் தோன்றினாலும், நிலப்படத்தின் அடிப்படையையே தொட்டுச் செல்கிறது.

ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு செல்பவரின் பாதை எப்படியிருக்கும் என்பதை 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியக் கணிதவியலாளர் பெட்ரோ நூனெஸ் ஆராய்ந்திருக்கிறார். நிலநடுக்கோட்டிலிருந்து வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டு, அந்தத் திசையை விடாமல் பிடித்துக்கொண்டு செல்லும் ஒரு கப்பலைக் கற்பனை செய்தால், அது வட துருவத்தைச் சுருள்வட்டமாகச் சுற்றிச் சுற்றி நெருங்கும். சுற்றுகளின் எண்ணிக்கைக்கு முடிவே இல்லை. ஆனால் மொத்தப் பாதையின் நீளமோ ஏறத்தாழ 14,100 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. கடைசிச் சுற்றுகள் ஒவ்வொன்றும் ஊசிமுனையைவிடச் சிறியவை.

பழைய புதிர் ஒன்றும் இங்கே விடை பெறுகிறது. ஒருவர் ஒரு கிலோமீட்டர் தெற்கே நடந்து, ஒரு கிலோமீட்டர் கிழக்கே நடந்து, ஒரு கிலோமீட்டர் வடக்கே நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்பது அந்தப் புதிர். வட துருவம் என்ற விடை பலருக்கும் தெரிந்ததே. தென் துருவத்தின் அருகிலும் விடை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துருவத்திலிருந்து 159 மீட்டர் தொலைவில் வரையும் வட்டத்தின் சுற்றளவு ஒரு கிலோமீட்டர். அந்த வட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் வடக்கே எந்த இடத்திலிருந்து புறப்பட்டாலும், தெற்கே வந்து, கிழக்கு நோக்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த வழியே திரும்பிவிடலாம். அப்படிப்பட்ட இடங்கள் எண்ணற்றவை.

கையில் ஜிபிஎஸ் இருந்தால் இந்தச் சிக்கலெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்த பாதைகளில் செல்வதால் துருவத்தில் அவை தலைக்கு நேர் மேலே ஒருபோதும் வருவதில்லை. ஆயினும் வானத்தின் தாழ்ந்த பகுதியில் போதுமான எண்ணிக்கையில் தென்படுவதால் கருவி நன்றாகவே வேலை செய்யும். நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிழையோடு அது சொல்லிவிடும். துருவத்தை நெருங்கியதும் அந்தச் சில மீட்டர் பிழைதான் வேடிக்கை காட்டத் தொடங்குகிறது. கம்பத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் நின்றாலும், திரையில் தீர்க்கரேகை ஒரு கணம் 40 பாகை கிழக்கு என்றும் மறு கணம் 150 பாகை மேற்கு என்றும் தாவக்கூடும். கருவி பழுதாகவில்லை, இரண்டுக்கும் இடையே உள்ள தூரமே நான்கைந்து எட்டுதான்.

கிரிட் வடக்கு

இப்படிப்பட்ட இடத்தில் ஆண்டு முழுவதும் வாழ்ந்து வேலை செய்பவர்கள், "தொலைநோக்கிக் கூடம் வடக்கே இருக்கிறது" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 1957 முதல் தென் துருவத்தில் மனிதர்கள் இடைவிடாமல் இருந்துவருகிறார்கள். அவர்கள் கைக்கொண்டிருக்கும் தீர்வு மிக எளியது. துருவத்தை நடுவில் வைத்த நிலப்படத்தின் மேல் கிரிட் எனப்படும் சதுரக் கட்டங்களை வரைந்து, ஒரு பக்கத்துக்கு வடக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிரீன்விச் தீர்க்கரேகை துருவத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் பக்கம் கிரிட் வடக்கு. 90 பாகை கிழக்குத் தீர்க்கரேகை செல்லும் பக்கம் கிரிட் கிழக்கு. 180 பாகை செல்லும் பக்கம் கிரிட் தெற்கு. 90 பாகை மேற்கு செல்லும் பக்கம் கிரிட் மேற்கு. கிரீன்விச்சுக்கு இங்கே தனி மகிமை ஒன்றுமில்லை. வேறு எந்தத் தீர்க்கரேகையைத் தேர்ந்திருந்தாலும் காரியம் நடந்திருக்கும். எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கோடு என்பதே அதன் தகுதி. உலக வானிலை அமைப்பின் விதியும் இதையே பின்பற்றுகிறது: துருவத்திலிருந்து ஒரு பாகைக்குள் இருக்கும் நிலையங்கள் காற்றின் திசையைக் கிரீன்விச் கோட்டைப் பூச்சியமாகக் கொண்டே அறிவிக்க வேண்டும்.

கணக்கும் கடினமானதன்று. தென் துருவப் பகுதியில் ஓர் இடத்தின் உண்மைத் திசையை, அதாவது பூமியின் அச்சை வைத்துச் சொல்லும் திசையை, பாகையில் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தின் கிழக்குத் தீர்க்கரேகையை அதனோடு கூட்டினால் கிரிட் திசை கிடைத்துவிடும். 360ஐத் தாண்டினால் 360ஐக் கழித்துவிட வேண்டும். இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் ஏறத்தாழ 12 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அங்கே நேர் வடக்கு என்பது 0 பாகை. 12ஐக் கூட்டினால் கிரிட் 12, அதாவது கிரிட் வடக்கிலிருந்து சற்றே விலகிய பக்கம். மெக்மர்டோ இருப்பது ஏறத்தாழ 167 பாகை கிழக்கில். அங்கிருந்து நேர் தெற்கே, அதாவது 180 பாகையில் புறப்படும் விமானத்தின் கிரிட் திசை 347. ஏறத்தாழ கிரிட் வடக்கு. தெற்கு நோக்கிப் பறக்கும் விமானம் கிரிட் தெற்கிலிருந்து கிரிட் வடக்கு நோக்கி வந்துசேர்வது இப்படித்தான்.

நிலையத்தைச் சுற்றியுள்ள நிலமும் இந்தத் திசைகளை வைத்தே பங்கிடப்பட்டிருக்கிறது. துருவத்தில் காற்று பெரும்பாலும் கிரிட் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே அந்தப் பக்கம் தூய காற்றுப் பகுதியாக ஒதுக்கப்பட்டு, வண்டிகளின் புகையும் நிலையத்தின் புகையும் கலக்காத காற்றை அங்கே அளக்கிறார்கள். ஓடுபாதைக்கு அப்பால் இருண்ட பகுதி என்றொரு நிலம் இருக்கிறது. 10 மீட்டர் விட்டமுள்ள தென் துருவத் தொலைநோக்கியும், பனிக்குள் உணர்விகளைப் புதைத்து நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகமும் அங்கேதான் உள்ளன. வெளிச்சமும் ரேடியோ அலைகளும் இடையூறு செய்யாதபடி அங்கே கட்டுப்பாடு உண்டு. காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது என்ற ஒரு வாக்கியம் பொருள்படுவதற்கே முதலில் ஒரு வடக்கை உண்டாக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், கிரிட் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். ஆறு மாத இருட்டில் இந்தக் கூடங்களுக்கு நடந்து செல்பவர்கள் நம்புவது என்னவோ பாகைக் கணக்கையல்ல. வழி நெடுக நட்டுவைத்திருக்கும் கொடிக் கம்புகளைத்தான்.

ஆறு மாதப் பகலிலோ சூரியனே போதும். அங்கே சூரியன் ஒரு நாளில் ஏறி இறங்குவதில்லை. ஏறத்தாழ ஒரே உயரத்தில், மணிக்கு 15 பாகை வீதம், வானத்தைச் சுற்றிவருகிறது. டிசம்பர் பிற்பகுதியில் அது எட்டும் மிகுந்த உயரமே 23 பாகையும் சற்றும்தான். கிரீன்விச்சில் நண்பகல் ஆகும்போது சூரியன் கிரீன்விச் தீர்க்கரேகையின் மேல் இருக்கும் என்பதால், இந்தியக் கடிகாரத்தில் காலை 11.30க்குத் தென் துருவத்தில் சூரியன் கிரிட் கிழக்கிலும், மாலை 5.30க்குக் கிரிட் வடக்கிலும், இரவு 11.30க்குக் கிரிட் மேற்கிலும் நிற்கும். ஆண்டின் பருவத்தைப் பொறுத்துச் சில நிமிடம் முன்பின் ஆகலாம். சரியான கடிகாரமும் நிழல் விழும் ஒரு குச்சியும் இருந்தால் திசை கிடைத்துவிட்டது. 1920களில் துருவப் பகுதியில் பறந்தவர்கள் கொண்டுசென்ற சூரியத் திசைகாட்டி, கடிகார முள்ளையும் நிழலையும் இணைத்துச் செய்த இதே ஏற்பாடுதான்.

காந்த ஊசி எங்கே தோற்கிறது?

இதுவரை காந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. காந்த ஊசி பூமியின் சுழலச்சைப் பற்றி ஒன்றும் அறியாது என்பதே காரணம். பூமியின் நடுவே உருகிய இரும்புக் குழம்பின் ஓட்டத்தால் உண்டாகும் காந்தப்புலத்துக்குத் தனியே இரண்டு துருவங்கள் உண்டு. புவியியல் துருவங்களோடு அவை ஒத்துப்போவதில்லை, ஓரிடத்தில் நிலைத்திருப்பதும் இல்லை. வடக்குக் காந்தத் துருவத்தை 1831 ஜூன் 1 அன்று ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்தார். அதன் பிறகு அது மெல்ல வடக்கே நகர்ந்து, 1990களுக்குப் பின் ஆண்டுக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் என்ற வேகம் எடுத்து, ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியப் பக்கம் சென்றுகொண்டிருக்கிறது. அண்மைக் காலத்தில் வேகம் சற்றுத் தணிந்திருக்கிறது. 2025 நிலவரப்படி அது புவியியல் வட துருவத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது.

காந்தத் துருவம் என்பது காந்தப்புலம் தரைக்குச் செங்குத்தாக இருக்கும் இடம். திசைகாட்டியின் ஊசி கிடைமட்டமாகச் சுழல்வதற்கென்றே செய்யப்பட்டது. புலத்தின் கிடைமட்டப் பங்கு மட்டுமே அதைத் திருப்ப முடியும். திருநெல்வேலி, திருவனந்தபுரம் வட்டாரத்தின் அருகே காந்த நடுக்கோடு செல்வதால் அங்கே புலம் ஏறத்தாழ முழுவதும் கிடைமட்டமாக இருக்கிறது. ராக்கெட் ஏவுதளத்துக்குத் தும்பாவைத் தேர்ந்ததற்கும் காந்த நடுக்கோட்டின் அருகாமையே காரணம். அந்தக் கோட்டிலிருந்து விலக விலக ஊசியின் ஒரு முனை நிலத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. காந்தத் துருவத்தின் அருகில் இழுப்பு அத்தனையும் கீழ்நோக்கிப் போய்விடுவதால், ஊசியைப் பக்கவாட்டில் திருப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. விரலால் தட்டிவிட்டால் தட்டிய பக்கமே நின்றுவிடும். உலகக் காந்த மாதிரி என்ற பெயரில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வெளியாகும் கணக்கீட்டில், கிடைமட்டப் புலம் 2,000 நானோடெஸ்லாவுக்கும் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) குறையும் இடங்களில் திசைகாட்டியை நம்பவே கூடாது என்றும், 6,000 வரை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். புவியியல் வட துருவம் இந்த எச்சரிக்கை எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

தென் துருவத்தில் நிலைமை அப்படியில்லை என்பதைப் பல விளக்கங்கள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. தெற்குக் காந்தத் துருவம் இப்போது அண்டார்க்டிகாவின் நிலப்பரப்பிலேயே இல்லை. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கரையைத் தாண்டிக் கடலுக்குள், புவியியல் துருவத்திலிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே புவியியல் தென் துருவத்தில் கிடைமட்டப் புலம், தமிழ்நாட்டில் உள்ளதில் பாதிக்கும் குறைவுதான் என்றாலும், ஊசியைத் திருப்புவதற்குப் போதுமான அளவுக்கு இருக்கிறது. தென்கோளத்துக்கென்று எடை சமன்செய்த திசைகாட்டியைக் கொண்டுசென்றால் ஊசி அங்கே தடுமாறாமல் ஒரு பக்கத்தைக் காட்டும். அதன் தெற்கு முனை ஆஸ்திரேலியாவின் பக்கம் நீண்டிருக்கும். அந்த முனை காட்டும் பக்கமும் பூகோளப்படி வடக்கே, எதிர்முனை காட்டும் பக்கமும் வடக்கே! துருவத்தில் திசைகாட்டி வேலை செய்யாது என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் முழு உண்மையாகாது. வட துருவத்தில் ஊசி தோற்கிறது. தென் துருவத்தில் ஊசி சரியாகவே வேலை செய்கிறது, அது சுட்டுவதற்குத் தனியான ஒரு வடக்குதான் அங்கே இல்லை.

காந்தத்தைச் சாராத திசைகாட்டி ஒன்றும் உண்டு. வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்று பூமியின் சுழற்சியை உணர்ந்து தன்னை அச்சுக்கு இணையாகத் திருப்பிக்கொள்ளும் கைரோ திசைகாட்டி அது. கப்பல்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதை நம்பிவருகின்றன. நீர்மூழ்கிக் கப்பலில் பனிக்கு அடியாக வட துருவத்துக்குச் செல்ல வேண்டும் என்று ஆசைப்பட்ட ஜெர்மானியர் ஹெர்மான் அன்ஷூட்ஸ்–கெம்ஃபே, அந்தப் பயணத்துக்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்க முனைந்தார். ஆனால் இந்தக் கருவியும் பூமியின் சுழற்சியில் கிடைமட்டமான பங்கையே பிடித்துக்கொண்டு வடக்கைத் தேடுகிறது. துருவத்தை நெருங்க நெருங்க அந்தப் பங்கு குறைந்து, துருவத்தில் பூச்சியமாகிவிடுகிறது. எந்த இடத்துக்காகப் பிறந்ததோ அந்த இடத்திலேயே அது பயன்படாது. 1958 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் நாட்டிலஸ் நீர்மூழ்கி வட துருவத்துக்கு அடியாகக் கடந்தபோது, கடந்துவந்த ஒவ்வொரு அசைவையும் கூட்டிக் கூட்டி இருப்பிடத்தைக் கணிக்கும் நிலைம வழிகாட்டி அமைப்பையும் உடன் கொண்டுசென்றது. வெளியே உள்ள எதையும் பார்க்காமல், தன் அசைவை மட்டுமே கணக்கு வைத்துக்கொள்ளும் கருவிக்குத் துருவமும் மற்ற இடங்களைப் போன்ற ஒன்றே. திசையைக் கிரிட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

துருவத்தைக் கண்டுபிடிப்பது

இதெல்லாம் இல்லாத காலத்தில், எந்த அடையாளமும் இல்லாத வெண்பனியில், துருவத்துக்கு வந்துவிட்டோம் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? 1911 டிசம்பர் 14 அன்று ரோல்ட் அமுன்சென் குழுவினர் தென் துருவத்தின் அருகே வந்துசேர்ந்தபோது, தங்கள் அளவீட்டில் பிழை இருக்கலாம் என்பதை அறிந்தேயிருந்தார்கள். ஆகவே மூன்று பேர் பனிச்சறுக்கில் மூன்று பக்கம் சென்றார்கள்: ஒருவர் அதுவரை வந்த வழியின் தொடர்ச்சியாக நேரே, மற்ற இருவர் அதற்குச் செங்குத்தாக இரு பக்கமும், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை. துருவம் அவர்கள் நிற்கும் இடத்தில் இல்லாவிட்டாலும், சுற்றிவளைத்த பரப்புக்குள் இருந்தாக வேண்டும் என்பது எண்ணம். வடக்கு, கிழக்கு என்று சொல்லிப் பயனில்லாத இடத்தில் தாங்கள் வந்த வழியையே அளவுகோலாகக் கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிரிட் என்ற ஏற்பாடு வருவதற்கு முன்பே அதன் கருத்து அங்கே செயல்பட்டிருக்கிறது. கூடவே மணிக்கு மணி சூரியனின் உயரத்தை அளந்தார்கள். துருவத்தில் நாள் முழுவதும் சூரியனின் உயரம் மாறுவதில்லை. மாறினால் துருவம் இன்னும் தள்ளியிருக்கிறது என்று பொருள். அந்த அளவீட்டின்படி அவர்கள் முகாமைச் சில கிலோமீட்டர் நகர்த்தி, அங்கே ஒரு கூடாரத்தை விட்டுச் சென்றார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு, 1912 ஜனவரியில், ராபர்ட் ஸ்காட் குழுவினர் அதைக் கண்டார்கள்.

இன்றும் தென் துருவத்தின் அடையாளக் கம்பம் ஓரிடத்தில் நிற்பதில்லை. துருவம் நகர்ந்துவிடுவதால் அல்ல. அச்சின் சிறு தள்ளாட்டம் சில மீட்டர்களுக்குள் அடங்கிவிடும். கம்பம் நிற்கும் பனிப் பாளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வீதம் கிரிட் வடமேற்காக, வெடெல் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. நிலையமும் அதோடு சேர்ந்தே நகர்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளில் துருவத்தின் இருப்பிடத்தைப் புதிதாக அளந்து, புதிய அடையாளத்தை நடுகிறார்கள். பழைய இடங்கள் வரிசையாகப் பின்தங்கிச் செல்கின்றன. விருந்தினர்கள் படம் எடுத்துக்கொள்ளும் கொடிகள் சூழ்ந்த சிவப்பு–வெள்ளைக் கம்பம் வேறு. அது சடங்குக்காக வைத்தது. மிதக்கும் பனியின் மேல் அமைந்த வட துருவத்திலோ இத்தகைய நிலையான அடையாளம் எதையும் நட்டுவைக்க முடிவதில்லை.

விமானங்களுக்கு இந்தக் கேள்வி இன்று அன்றாட வேலையாகிவிட்டது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் சான்பிரான்சிஸ்கோ–பெங்களூரு விமானம், முழுக்கப் பெண் விமானிகளைக் கொண்டு, ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் வழியில் வட துருவத்தின் மேலாகப் பறந்தது. இப்படிப்பட்ட பாதைகளில் உயர்ந்த அட்சரேகைகளை எட்டியதும் விமானத்தின் திரை காந்தத் திசையைக் கைவிட்டு உண்மைத் திசைக்கு மாறிக்கொள்கிறது. துருவத்தின் சரியான புள்ளிக்கு மேல் பறக்கும் விமானத்தின் திசை, இறக்கை ஒரு பக்கமும் சாயாமல் இருக்கும்போதே, 0 பாகையிலிருந்து 180 பாகைக்கு ஒரே கணத்தில் மாறிவிடும். துருவத்திலிருந்து 10 கிலோமீட்டர் விலகி நேராகப் பறந்தாலோ, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில், துருவத்துக்கு மிக நெருங்கிய 20 கிலோமீட்டரை அது ஒன்றரை நிமிடத்துக்குள் கடக்கும். அதற்குள் திரையில் திசை எண் 90 பாகை சுழன்றுவிடும். அதே ஒன்றரை நிமிடத்தில் விமானத்தின் கிரிட் திசை ஒரு பாகைகூட மாறியிருக்காது.